இரவுப் பட்டத்தின் விளக்கு ஏன் எரியவில்லை? பற்றரிப் பெட்டி இணைப்பில் அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

மார்கழியில் வாடைக்காற்று சீராக வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வெட்டைகளிலும் கடற்கரைகளிலும் பட்டங்கள் ஏறிவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்க ஊர் ஊராகச் சனம் திரளும். எட்டுமூலைப் பட்டத்தையோ கொக்குப் பட்டத்தையோ பகலில் விடுவது ஒரு அழகு. விண் (காற்றில் கூவும் நாண்) பூட்டி, விளக்கும் பூட்டி, இரவில் விடுவது வேறோர் அழகு. அந்த விளக்கு எரியாதபோது எங்கே தொடங்கித் தேடுவது என்பதை இங்கே பார்க்கலாம். பாடசாலைக் கண்காட்சிக்குச் செய்யும் விளையாட்டுக் காருக்கும் மின்வெட்டுக் கால மேசை விளக்குக்கும் இதே வழிமுறை பொருந்தும்.

எடுத்துக்கொள்ளும் சுற்று எளிமையானது. நான்கு ஏஏஏ பற்றரி கொள்ளும் பெட்டிகள் இரண்டு, அவற்றைத் தொடராக இணைத்து 12 வோல்ற், அதில் எரியும் எல்.ஈ.டி. நாடா, வழியில் ஒரு சிறு சுவிட்ச். ஏஏ போட்டால் நேரம் கூடுமே என்று கேட்பவர்கள் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டு ஏஏ பற்றரிகளே 180 கிராமைத் தாண்டும். ஏஏஏ என்றால் அதில் ஏறத்தாழப் பாதி. பட்டம் ஏறாவிட்டால் விளக்கு எவ்வளவு நேரம் எரிந்தும் பயனில்லை.

தொடர் இணைப்பு என்றால் முதற் பெட்டியின் சிவப்பு வயர் இரண்டாம் பெட்டியின் கறுப்பு வயரோடு சேரும். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே அந்த ஒரு மூட்டு மட்டுமே. மிஞ்சி நிற்கும் ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் விளக்குக்குப் போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதி தானாகவே விளங்கும். வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பற்றரியைப் போட்டு, பெட்டியின் இரு வயர்களையும் வோல்ற் அளக்கும் மீற்றரில் வைத்து, எது நேர், எது மறை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் பற்றரியின் தட்டையான மறை முனைக்கு உரியது.

தேவையான கருவி ஒரு பல்மானி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிடி-830 வகை மீற்றரே போதும். அதைவிட முக்கியமானது ஒரு பழக்கம்: விளக்கு இணைந்திருக்கும்போதும் அளக்க வேண்டும். விளக்கைக் கழற்றிவிட்டு அளப்பவர் பெரும்பாலும் பற்றரியையே குற்றவாளி ஆக்கிப் புதிதாக வாங்கிப் போடுகிறார். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் செய்யும் இத்தகைய சுற்றுகளில் பற்றரி கெட்டுப்போவதைக் காட்டிலும் பற்றரியைத் தொடும் தகடு கெட்டுப்போவதே அதிகம் என்பது என் கணிப்பு. எட்டுப் பற்றரிகள் என்றால் உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்கள் பதினாறு. அவற்றில் ஒன்று பிசகினாலும் முழுச் சுற்றுக்கும் அதுவே தடை.

ஒன்றுமே எரியவில்லை, மீற்றரும் பூச்சியம் காட்டுகிறது

பூச்சியத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. அல்லது எல்லாம் நன்றாகத் தொட்டுக்கொண்டே ஒன்றையொன்று எதிர்க்கிறது.

இரண்டாவதை முதலில் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பெட்டிகளைத் தனித்தனியாக அளங்கள். இரண்டும் 6 வோல்ற் காட்டி, சேர்ந்தால் மட்டும் பூச்சியம் வந்தால், சிவப்பைச் சிவப்போடு இணைத்துவிட்டு இரு கறுப்புகளை விளக்குக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆறிலிருந்து ஆறு கழிந்துபோகிறது. ஒரு பெட்டியின் வயர்களை மாற்றிவிட்டால் 12 வரும்.

ஒரு பெட்டி மட்டும் பூச்சியம் காட்டினால் தொடர்பு விட்ட இடம் அதற்குள் இருக்கிறது. மீற்றரின் கறுப்பு முனையை அந்தப் பெட்டியின் கறுப்பு வயரில் நிலையாக வைத்துக்கொண்டு, சிவப்பு முனையைப் பற்றரி பற்றரியாக நகர்த்துங்கள். முதற் பற்றரியின் நேர் முனையில் 1.5, அடுத்ததில் 3, பிறகு 4.5, கடைசியில் 6 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் ஏற்றம் நின்று எண் பூச்சியத்துக்கு விழுகிறதோ, அல்லது நிலைகொள்ளாமல் அலைகிறதோ, அதற்கு முந்திய தொடுகையில்தான் கோளாறு. சிவப்பு முனையை முதலில் பற்றரியின் உலோகத்திலும், பிறகு அதைத் தொட்டிருக்க வேண்டிய தகட்டிலும் வைத்துப் பார்த்தால் இடம் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

இங்கே ஒரு விசித்திரமான நிலை உண்டு. பற்றரி நல்லது, பெட்டியும் நல்லது, சேர்ந்தால் மட்டும் எதுவும் இல்லை. சில பெட்டிகளில் பற்றரியைத் தலைகீழாகப் போட்டாலும் ஆபத்து வராதிருக்க, நேர் முனைத் தகட்டின் இரு பக்கமும் பிளாஸ்ற்றிக் மேடு வைத்திருப்பார்கள். அந்தத் தகடு உள்ளே பதுங்கியிருக்கும். மீள்மின்னேற்றும் பற்றரிகள் சிலவற்றில் நேர் முனைக் குமிழ் குட்டையாக இருப்பதால் அந்த மேட்டைத் தாண்டித் தகட்டை எட்டாது. 18650 லிதியம் பற்றரிகளிலும் தலை தட்டையாக இருக்கும் வகைக்கு இதே தொல்லை. குமிழில் ஒரு துளி பற்றாசு (உருக்கி ஒட்டும் ஈயம்) வைத்து உயர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், சூடு பற்றரியின் உள்ளே போகும். தகட்டைச் சற்று முன்னோக்கி வளைத்துவிடுங்கள், அல்லது பெட்டியை மாற்றுங்கள்.

மீற்றரில் 12 காட்டுகிறது, விளக்கோ எரியவில்லை, அல்லது மினுக்கென்று மட்டும் எரிகிறது

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். குழப்பத்துக்குக் காரணம் மீற்றரின் நல்ல குணமே. சாதாரண டிஜிற்றல் மீற்றரின் உள்தடை 10 இலட்சம் ஓம் முதல் ஒரு கோடி ஓம் வரை இருக்கும். அதனால் அது சுற்றிலிருந்து மின்னோட்டத்தை ஏறத்தாழ எடுப்பதே இல்லை. வழியில் துருப்பிடித்த தொடுகை ஒன்று ஆயிரம் ஓம் தடையோடு நின்றாலும் மீற்றர் 12 என்றே காட்டும். விளக்கு நாடா அப்படி இல்லை, அதற்கு 0.3, 0.4 அம்பியர் வேண்டும். வழியில் வெறும் 10 ஓம் இருந்தாலே 3 வோல்ற் அங்கேயே செலவாகிவிடும். மங்கலாக எரிவதன் இரகசியம் அவ்வளவுதான்.

ஆகவே விளக்கை இணைத்து, சுவிட்சைப் போட்டு, அப்படியே விட்டுவிட்டு அளங்கள். முதலில் விளக்கு நாடாவின் இரு முனைகளில் பாருங்கள். அங்கே 8 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து ஒவ்வொரு பற்றரியின் இரு முனைகளையும், தகட்டை விட்டு, பற்றரியின் உலோகத்திலேயே தொட்டு அளங்கள். எட்டுப் பற்றரிகளும் ஆளுக்கு 1.4 என்று காட்டினால் கூட்டுத்தொகை 11.2. அப்படியானால் 3 வோல்றுக்கு மேல் வழியில் எங்கோ போயிருக்கிறது, பற்றரிகள் நிரபராதிகள். மாறாக ஒரு பற்றரி மட்டும் 0.8, 0.6 என்று தளர்ந்து கிடந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும்.

காணாமற்போன 3 வோல்றைத் தேடும் முறை இது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனை உலோகத்திலும் மற்றையதை அதைத் தொடும் தகட்டிலும் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. எனவே ஏறத்தாழப் பூச்சியம் காட்ட வேண்டும். 0.01, 0.02 பரவாயில்லை. 0.1க்கு மேல் போனால் அந்தத் தொடுகை சரியில்லை. இப்படியே ஸ்பிரிங்குக்கும் பற்றரியின் அடிக்கும் இடையில், தகட்டுக்கும் வயருக்கும் இடையில், இரு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள மூட்டின் இரு புறமும், சுவிட்சின் இரு கால்களிலும் வைத்துப் பாருங்கள். எங்கே எண் எழுகிறதோ அங்கே மின்னழுத்தம் வீணாகிறது. ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. மீற்றர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

வழக்கமாக அகப்படுபவை: தகட்டையும் வயரையும் சேர்க்கும் தறையாணி (ரிவெற்). மலிவான பெட்டிகளில் வயரைத் தகட்டோடு சேர்த்துத் தறைந்திருப்பார்களே தவிரப் பற்றாசு வைத்திருக்க மாட்டார்கள். புதிதாக இருக்கும்போது நன்றாக இருக்கும். கொஞ்ச நாளில் தளரும். அடுத்தது, வெறுமனே முறுக்கி ரேப் சுற்றிய வயர் மூட்டு. மூன்றாவது, கைவிரல் நகத்தளவு சுவிட்ச்.

வயர் மெல்லியது என்று அதன்மேல் பழி போடுபவர்களும் உண்டு. பெட்டியோடு வரும் வயர்களில் வழமையான 28ஆம் இலக்கக் கம்பி ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ 0.2 ஓம். போக அரை மீற்றர், வர அரை மீற்றர் என்றால் 0.3 அம்பியருக்கு விரயமாவது 0.06 வோல்ற். பட்டத்தில் வயர் குற்றவாளியாவது அரிது. பத்து மீற்றர் தள்ளி முற்றத்தில் விளக்கு வைப்பவர்தான் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

தறையாணியின் மேல் பற்றாசு வைத்து வயரையும் தகட்டையும் ஒன்றாக்குவது நல்ல தீர்வு. ஆனால் பெட்டியின் பிளாஸ்ற்றிக் உருகித் தகடு சாய்ந்துவிடும் அபாயம் உண்டு. பற்றரியின் பருமனில் ஒரு மரத்துண்டைச் சீவி, பற்றரி இருக்கும் இடத்தில் இறுக்கி வைத்துக்கொண்டால் பிளாஸ்ற்றிக் இளகினாலும் தகடு அசையாது. தகட்டை முதலில் அரத்தாளால் உரசுங்கள். பற்றாசுப் பசை (ஃபிளக்ஸ்) தடவுங்கள். சூடான பற்றாசு அயனை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிட்டு, ஆறவிட்டு, மறுபடி முயலுங்கள். பழைய பற்றரி ஒன்றை வைத்துக்கொண்டு பற்றாசு வைப்பவர்களும் இருக்கிறார்கள். மரத்துண்டு இருக்கும்போது அந்தத் துணிச்சல் எதற்கு?

எல்லாத் தொடுகையும் சரி, ஆனாலும் மங்கல் என்றால் பற்றரியின் வகையைப் பாருங்கள். மீள்மின்னேற்றும் நிக்கல் பற்றரி ஒன்று 1.2 வோல்ற். எட்டு போட்டால் 9.6தான் வரும். 12 வோல்ற் வெள்ளை நாடாவில் மூன்று மூன்று எல்.ஈ.டி.களைத் தொடராக்கி ஒரு தடையியும் (ரெசிஸ்ரர்) வைத்திருப்பார்கள். வெள்ளை எல்.ஈ.டி. ஒன்று எரிய 3 வோல்ற் அளவில் வேண்டும் என்பதால் 9 வோல்ற் அங்கேயே போய்விடும். மிச்சம் தடையிக்குக் கிடைப்பது 0.6; அதனால் மினுக்கு. பத்துப் பற்றரி போடுங்கள், அல்லது சிவப்பு நாடா வாங்குங்கள். சிவப்புக்கு ஒன்றுக்கு 2 வோல்ற் அளவே போதும். குறைந்த மின்னழுத்தத்திலும் அது பிரகாசமாக நிற்கும்.

விளக்கைக் கழற்றிவிட்டு அளந்தாலும் வோல்ற் குறைவு

இது கணக்கு. பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் 9 வந்தால் எட்டில் ஒரு பற்றரி தலைகீழாக இருக்கிறது. தலைகீழானது தன்னுடைய ஒன்றரையைத் தராமல் விடுவதோடு இன்னொருவருடைய ஒன்றரையையும் கழித்துவிடும். அதனால்தான் மூன்று குறைகிறது. 10.5 வந்தால் ஒன்று முற்றாகச் செத்துக் கிடக்கிறது. அல்லது உள்ளே ஸ்பிரிங் வளைந்து அடுத்த தகட்டைத் தொட்டு ஒரு பற்றரியைத் தாண்டிப் போகிறது. 6 வந்தால் இரண்டு தலைகீழ், அல்லது தொடராக இணைக்க வேண்டிய பெட்டிகளைச் சமாந்தரமாக (சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும்) இணைத்துவிட்டீர்கள்.

புதிய அல்கலைன் பற்றரி 1.6 வரை காட்டும். ஆகவே எட்டு புதியவற்றுக்கு 12.8 வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் புதிய அல்கலைனில் 9.6 வந்தால் ஒன்று தலைகீழ். நிக்கல் பற்றரியில் அதே 9.6 வந்தால் எல்லாம் ஒழுங்கு. எண்ணைப் பார்க்கும் முன் பற்றரியின் உறையைப் பாருங்கள்.

தலைகீழானதை அப்படியே விட்டுவிட்டு, எரிகிறதுதானே என்று பட்டத்தை ஏற்றிவிடக் கூடாது. மற்ற ஏழும் சேர்ந்து அதற்குள் எதிர்த்திசையில் மின்னோட்டத்தைத் தள்ளும். அது பொருமி ஒழுகும். புதியதும் பழையதும் கலந்து போட்டாலும் இதே கதை சற்று மெதுவாக நடக்கும்: பழையது முதலில் தீர்ந்து, பிறகு மற்றவற்றால் எதிர்த்திசைக்குத் தள்ளப்படும். வீட்டுக் கடிகாரத்திலிருந்து ஒன்று, ரிமோட்டிலிருந்து இரண்டு என்று பொறுக்கிப் போடும் தம்பிமாருக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வந்தால்? ஏஏ அளவிலேயே 14500 என்றும், ஏஏஏ அளவிலேயே 10440 என்றும் லிதியம் பற்றரிகள் உண்டு. ஒன்று 3.7 வோல்ற், முழுதாக ஏற்றினால் 4.2. பெட்டிக்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும், எல்.ஈ.டி.யை எரித்துவிடும். உடனே எடுங்கள்.

பெட்டி சுடுகிறது, வயர் மணக்கிறது

மீற்றரைத் தேடாதீர்கள். மரக்குச்சியாலோ பிளாஸ்ற்றிக் பேனாவாலோ ஒரு பற்றரியை நெம்பி வெளியே தள்ளுங்கள். தொடர் இணைப்பில் ஒன்று வெளியேறினாலே மின்னோட்டம் நின்றுவிடும். ஸ்பிரிங் விரலைச் சுடும்; வெறுங்கை வேண்டாம். ஆறிய பிறகு காரணம் தேடலாம்.

முதற் காரணம் வளையம். முதற் பெட்டியின் சிவப்பை இரண்டாவதன் கறுப்போடு இணைத்த கையோடு, முதற் பெட்டியின் கறுப்பையும் இரண்டாவதன் சிவப்போடு இணைத்துவிடுவது. பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரியும். வயர் எதுவும் தொங்காது. ஆனால் 12 வோல்றும் தடையே இல்லாமல் தன்னைத் தானே சுற்றுகிறது. தொடருக்கு நடுவில் ஒரே ஒரு மூட்டு என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

இரண்டாவது, சமாந்தரமாக இணைக்கும்போது ஒரு பெட்டியின் வயர் மாறிப்போவது. அதுவும் இதே வளையம்தான்.

மூன்றாவது சுவிட்ச். அது நேர் வயரின் நடுவே, வயரை வெட்டி, வெட்டிய இரு நுனிகளையும் அதன் இரு கால்களில் பிடித்ததாக இருக்க வேண்டும். ஒரு காலைச் சிவப்பிலும் மறுகாலைக் கறுப்பிலும் இணைத்தால் சுவிட்சைப் போட்டதும் விளக்கு அணையும், பெட்டி சுடும். 'போட்டால் அணைகிறது, நிறுத்தினால் எரிகிறது' என்று யாராவது சொன்னால் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

சாதாரண ஏஏஏ பற்றரியில் இந்தத் தவறுகள் பெரும்பாலும் ஒரு பெட்டியைப் பழுதாக்குவதோடு நின்றுவிடும். நிக்கல் ஏஏ குறுஞ்சுற்றானால் 10 அம்பியருக்கு மேல் தள்ளும். வயரின் உறை உருகிவிடும். பழைய மடிக்கணினிப் பற்றரியிலிருந்து உருவிய 18650 அதனினும் பொல்லாதது. பாதுகாப்புப் பலகையும் உருகியும் (ஃபியூஸ்) இல்லாமல் அதைப் பட்டத்தில் ஏற்றுவதை நான் ஒப்ப மாட்டேன். நூல் அறுந்தால் பட்டம் எங்கே போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? பனையோலை வேலியிலோ வைக்கோற் பட்டறையிலோ விழுந்து, அடிபட்ட பற்றரி தீப்பற்றினால் என்ன ஆகும்? ஏஏஏ போதும்.

மேசையில் எரிகிறது, மேலே போனதும் அணைந்து அணைந்து எரிகிறது

இதற்குப் பற்றாசும் அரத்தாளும் அதிகம் உதவா. பெட்டியை எந்தத் திசையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதே முதற் கேள்வி.

பற்றரியைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஸ்பிரிங் ஒன்றுதான். காற்று ஓங்கி அடிக்கும்போது பட்டம் வெட்டும், குதிக்கும். அந்த உதறல் பற்றரியின் நீள வாட்டில் வந்தால் பற்றரி ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னே போகும். நேர் முனை தகட்டை விட்டு ஒரு கணம் விலகும். எட்டில் ஒன்று விலகினாலே எல்லாம் அணையும். ஆகவே பட்டம் நூலை இழுக்கும் திசைக்கும் மேலும் கீழும் குதிக்கும் திசைக்கும் குறுக்கே பற்றரிகள் படுத்திருக்குமாறு பெட்டியைக் கட்டுங்கள். நடுப் பிரம்பில் நெடுக்காகக் கட்டுவதே பலருடைய வழக்கம்; அதைக் குறுக்குப் பிரம்புக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு பெட்டிகளையும் நடுப் பிரம்பின் இரு பக்கமும் ஒரே தூரத்தில் கட்டினால் பட்டமும் ஒரு பக்கம் சாயாது, முச்சையையும் (பட்டத்தில் நூலைப் பிணைக்கும் கட்டு) திருத்த வேண்டியிராது.

விண் பூட்டிய பட்டம் என்றால் அதிர்வு வேறு. விண் கூவும்போது பிரம்பு முழுக்கத் துடிக்கும். பெட்டிக்கும் பிரம்புக்கும் இடையே பழைய சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். பெட்டியின் மேல் இன்சுலேஷன் ரேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினால் பற்றரிகள் மேலே எம்பா. ஸ்பிரிங்கை மெதுவாக இழுத்து நீட்டிவிடலாம். அளவுக்கு மீறி இழுத்தால் அது தன் விறைப்பை இழந்து முன்னையிலும் கெட்டுப்போகும்.

வயர் பெட்டியை விட்டு வெளியேறும் இடம் இன்னொரு நோஞ்சான் இடம். பற்றாசு வைத்த இடத்துக்கு ஒட்டிக் கம்பி விறைத்திருக்கும், அங்கேதான் ஒடியும். உறைக்குள்ளே ஒடிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. விளக்கை எரியவிட்டு, வயரை விரலால் சிறிது சிறிதாக வளைத்துக்கொண்டு போங்கள். சிமிட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நுனியை வெட்டிப் புதிதாகப் பிடித்து, வயரை ஒரு சிறு வளையமாக மடித்துப் பெட்டியோடு கட்டிவிட்டால் இழுவை மூட்டின் மேல் விழாது. பசைத் துப்பாக்கி இருந்தால் ஒரு துளி வைக்கலாம்.

ஏற்றுவதற்கு முன் கீழேயே சோதிக்க வழி உண்டு. பட்டத்தைக் கையில் பிடித்து, எல்லாத் திசையிலும் நன்றாக உதறுங்கள். அங்கே சிமிட்டாதது மேலே சிமிட்டுவது அரிது. உயரழுத்த மின்கம்பிகளுக்கு அண்மையிலும் பலாலி விமானப் பாதையின் பக்கமும் விளக்குப் பட்டம் வேண்டவே வேண்டாம். கம்பியில் சிக்கினால் பெட்டியை மறந்துவிடுங்கள். நூலை விட்டுவிட்டு மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

நன்றாக எரிந்து அரை மணி நேரத்தில் மங்குகிறது; ஓய்வு கொடுத்தால் மறுபடி எரிகிறது

இது கோளாறே இல்லை. தகுதிக்கு மீறிய வேலை. ஒரு மீற்றர் நீளத்துக்கு 60 சிறு எல்.ஈ.டி. உள்ள நாடாவில் ஒரு மீற்றர் 4.8 வாற்று, அதாவது 0.4 அம்பியர். விலை குறைந்த காபன்-நாகப் பற்றரி ஏஏஏ அளவில் அதைத் தாங்காது. ஓய்வில் அதன் மின்னழுத்தம் மீண்டும் ஏறுவதால் பற்றரி பிழைத்துக்கொண்டதாகத் தோன்றும். சில நிமிடத்தில் மறுபடி விழும். அல்கலைன் போடுங்கள். அதைவிட, நாடாவைப் பாதியாக வெட்டுங்கள். மின்னோட்டம் பாதியானால் எரியும் நேரம் இரு மடங்கைத் தாண்டும். கீழே நின்று பார்ப்பவருக்கு முப்பது புள்ளியும் அறுபது புள்ளியும் ஒன்றுதான். வெட்டும்போது நாடாவில் குறியிட்ட இடத்தில், மூன்று எல்.ஈ.டி.க்கு ஒருமுறை, வெட்ட வேண்டும்.

நேரத்தைக் கூட்ட, தொடரான இரு பெட்டிகள் கொண்ட 12 வோல்ற் தொகுதிகள் இரண்டைச் சமாந்தரமாக இணைப்பவர்கள் ஒவ்வொரு தொகுதியின் நேர் வயரிலும் ஒரு டயோட் (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) வைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியது பழையதற்குள் பாய்ந்து, விளக்கு அணைந்திருக்கும்போதே தீர்ந்துபோகும். 1என்4007 கிடைக்கும், அது 0.7 வோல்றுக்கு மேல் விழுங்கும். 1என்5817 கிடைத்தால் அதையே எடுங்கள், இழப்பு ஏறத்தாழப் பாதி. டயோட்டின் வெள்ளிக் கோடு விளக்கின் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

சுவிட்சை நிறுத்தியும் காலையில் பற்றரி தீர்ந்திருக்கிறது

சமாந்தரமாக இணைத்த இரு தொகுதிகளில் ஒன்று சுவிட்சுக்கு அப்பால் இணைந்திருக்கலாம். பெட்டிகள் ஒன்று சேர்ந்த பிறகு, பொது வயரில் சுவிட்ச் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் சுவிட்சை நிறுத்திவைத்து, மீற்றரை மில்லி அம்பியரில் வைத்து வழியில் தொடராக இணைத்துப் பாருங்கள். எதுவும் ஓடக் கூடாது. ஓடவில்லை என்று மீற்றர் சொல்வதை நம்பும் முன், மூன்று எல்.ஈ.டி. கொண்ட சிறு நாடாத் துண்டு ஒன்றை மட்டும் எரியவிட்டு அதே முறையில் ஒருமுறை அளங்கள்; முழு நாடாவின் 0.4 அம்பியர் இவ்வகை மீற்றரின் மில்லி அம்பியர் எல்லையைத் தாண்டிவிடும். அப்போதும் பூச்சியம் என்றால் மீற்றரின் உள்ளேயிருக்கும் உருகி போய்விட்டது. மில்லி அம்பியரில் வைத்துக்கொண்டு பற்றரியின் இரு முனைகளில் நேரே தொட்டுவிட்டால் அது போய்விடும். கைமாறி வந்த மீற்றர்களில் சாதாரணமாகக் காணலாம்.

தகட்டில் பச்சை, அல்லது வெள்ளைப் பூச்சு

கடலை அண்டி இருக்கும் எங்கள் ஊர்களில் இது தவிர்க்க முடியாத வருத்தம். குருநகரிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு மாரி முழுவதும் திறந்து கிடந்த பெட்டியின் தகட்டைப் பாருங்கள், புரியும். செம்பும் பித்தளையும் பச்சை கட்டும். இரும்பு ஸ்பிரிங் துரு கட்டும். அரத்தாள், பிறகு ஸ்பிரிட் தோய்த்த துணி, காய்ந்த பிறகு தகட்டின் வெளிப்புறத்திலும் மூட்டுகளிலும் மெல்லிய வாசலின் பூச்சு. வயரின் உள்ளே செம்பு கறுத்திருந்தால் பற்றாசு ஒட்டாது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

வெள்ளைப் பூச்சு பற்றரி ஒழுகியதால் வருவது. அல்கலைனில் ஒழுகுவது காரம்: பஞ்சில் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ தொட்டுத் தடவினால் நுரைத்துக் கரையும். காபன்-நாகப் பற்றரியில் ஒழுகுவது அமிலத்தன்மை உடையது. அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவ வேண்டும். எதைத் தடவினாலும் பிறகு தண்ணீர்ப் பஞ்சால் துடைத்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கண்ணில் பட விடாதீர்கள். ஸ்பிரிங் அரித்து மெலிந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, பெட்டி மலிவுதான்.

பட்டக் காலம் முடிந்ததும் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் தடைப் பொருளாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பற்றரியைப் பெட்டிக்குள் ஒழுக விட்டதை அப்பாவோ மாமாவோ கண்டால் வரும் ஏச்சின் வேர் அங்கேயிருக்கிறது.

கட்டுப்பாட்டுப் பலகை சேர்த்த பிறகு வரும் குழப்பம்

விளக்கை மாறி மாறி மினுக்க ஆர்டுவினோ போன்ற சிறு பலகையைச் சேர்ப்பவர்களும், கண்காட்சிக்கு மோட்டர் வைத்துக் கார் செய்பவர்களும் சந்திப்பது இது. மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் பலகை அணைந்து மறுபடி தொடங்குகிறது. மோட்டர் புறப்படும்போது பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, பெட்டியின் மின்னழுத்தத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. சதுரமான 9 வோல்ற் பற்றரியை இதற்குப் போடவே கூடாது. அதன் உள்தடை அதிகம், கொள்ளளவு குறைவு. மோட்டரின் முன்னால் அது நிற்காது. பலகையின் மின்வழங்கல் முனைகளில் 470 மைக்ரோ பரட் கொள்ளளவி (கபாசிற்றர்) ஒன்றை வைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மோட்டருக்கு ஒரு பெட்டி, பலகைக்கு ஒரு பெட்டி என்று பிரித்துவிடுங்கள்.

பிரித்த பிறகு வேறொரு புதிர் வரும். பலகை வேலை செய்கிறது, மோட்டரின் பெட்டியிலும் வோல்ற் சரி, ஆனால் பலகை கட்டளையிட்டும் மோட்டர் அசைவதில்லை. பலகையிலிருந்து புறப்பட்ட சைகை திரும்பி வர வழி இல்லை. இரு பெட்டிகளின் கறுப்பு வயர்களையும் ஒன்றோடொன்று இணையுங்கள். சிவப்பு வயர்களைத் தனித்தனியாகவே விடுங்கள்.